அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு: பேராளர் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

2008 பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (வேட்பாளர் தேர்வுக்கான வாக்குப்பதிவில்) ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில் ஐடஹோவில் இருபதாயிரம் பேர் அளவில் கூடிய காக்கஸில் (கட்சிக் கூட்டத்தில்) பராக் ஒபாமா வென்றார். நியூ ஜெர்சியில் ஒபாமாவைவிட ஹிலாரிக்குக் கூடுதலாகக் கிடைத்த பேராளர்கள் 11 பேர். ஐடஹோவில் ஹிலாரியைவிட ஒபாமாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தவர்கள் 12 பேர்.

இதில் தில்லுமுல்லு ஏதும் இல்லை. விதிப்படி நடந்த பங்கீடுதான். தொலைக்காட்சியில் ஓடும் வாக்கு சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் போட்டி புரியாது. வேட்பாளரைத் தேர்வு செய்வது கட்சி மாநாடு. மாநாட்டில் கை தூக்குவது பேராளர்கள், அதாவது டெலிகேட்டுகள். ஆகவே வாக்கு எப்படிப் பேராளராக மாறுகிறது என்பதுதான் முழு விளையாட்டும். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தின் பேராளர் இடங்கள் ஒரே குவியலாக இருப்பதில்லை. வயலைப் பாத்தி கட்டியதுபோலப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் தனிக் கணக்கு. ஒரு பாத்தியில் மிஞ்சிய வாக்கு அடுத்த பாத்திக்குப் பாயாது. குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதல் படி: எந்தக் கட்சி, எந்த ஆண்டின் விதி?

இரு கட்சிகளின் விதிகளும் வேறு வேறு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திருத்தவும் செய்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு மாநிலக் கட்சியும் தன் திட்டத்தை எழுதித் தேசியக் குழுவிடம் கொடுக்கும். பழைய தேர்தலின் விதியை நினைவில் வைத்துக்கொண்டு புதிய முடிவைப் படிப்பது அடிக்கடி நேரும் பிழை. கீழே வரும் எண்கள் எந்த ஆண்டுக்குரியவை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

பிரைமரி என்பது வழக்கமான வாக்குப்பதிவு. பெரும்பாலும் மாநில அரசு நடத்தும். காக்கஸ் என்பது கட்சி நடத்தும் கூட்டம். குறித்த நேரத்தில் போய் உட்கார வேண்டும். இரண்டுமே ஒரே மாநிலத்தில் நடந்தால் எதில் பேராளர் கிடைக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 2024இல் நெவாடாவில் பிப்ரவரி 6 அன்று மாநில அரசு பிரைமரி நடத்தியது. குடியரசுக் கட்சியோ பிப்ரவரி 8 அன்று தன் காக்கஸை நடத்தி, பேராளர்கள் அதில் மட்டுமே என்று அறிவித்திருந்தது. நிக்கி ஹேலி பிரைமரியில் நின்றார். அங்கே 'இவர்களில் யாருமில்லை' என்ற தெரிவுக்கே அதிக வாக்கு விழுந்தது. ஒருவேளை அவர் வென்றிருந்தாலும் ஒரு பேராளர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். காக்கஸில் நின்ற டொனால்ட் டிரம்ப் 26 இடங்களையும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் படி: மாநிலத்துக்கு எத்தனை இடம்?

குடியரசுக் கட்சியின் கணக்கு எளிது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொதுவாக 10. பிரதிநிதிகள் சபைத் தொகுதி ஒன்றுக்கு 3. தேசியக் குழு உறுப்பினர்கள் 3 பேர். இவற்றுக்கு மேல் போனஸ்.

2024 கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். தொகுதிகள் 52. மூன்றால் பெருக்கினால் 156. அதனுடன் 10, மேலும் 3. மொத்தம் 169. அங்கே கட்சிக்கு வெற்றிகள் இல்லாததால் போனஸ் பூஜ்யம்.

டெக்சாஸில் 38 தொகுதிகள். 114, 10, 3 சேர்ந்து 127. முந்தைய அதிபர் தேர்தலில் கட்சி வேட்பாளர் முந்திய மாநிலத்துக்கு 4.5 இடமும், அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகளில் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட வாக்குகளில்) 60 சதவீதமும் போனஸாகச் சேரும். 2020இல் டெக்சாஸுக்கு 38 தேர்வாளர் வாக்குகள். 22.8உடன் 4.5 சேர்த்தால் 27.3. மேல்நோக்கி முழுமையாக்கினால் 28. ஆளுநர் கட்சிக்காரர் என்பதால் 1, பிரதிநிதிகள் சபையில் அந்த மாநில உறுப்பினர்களில் பெரும்பான்மைக்கு 1, மாநிலச் சட்டமன்றத்துக்காக 2, செனட்டர்களுக்காக 2. ஆக 127, 28, 6 சேர்ந்து 161. கட்சிக்கு விசுவாசமான மாநிலம் மாநாட்டில் தன் உருவத்தைவிடப் பெரிதாக உட்காருவது இதனால்தான். 2024இல் நாடு முழுக்க மொத்தம் 2,429. வெல்ல வேண்டியது 1,215.

ஜனநாயகக் கட்சி வேறு வழியில் போகிறது. கடந்த மூன்று அதிபர் தேர்தல்களில் அந்த மாநிலம் கட்சிக்குத் தந்த வாக்கின் பங்கையும் தேர்வாளர் வாக்குகளின் பங்கையும் சேர்த்து ஓர் அடிப்படை எண்ணை வகுக்கிறார்கள். தேர்தலைத் தள்ளி வைத்தால் பரிசு உண்டு. 2020 விதிப்படி ஏப்ரலில் நடத்தினால் 10 சதவீதக் கூடுதல், மே, ஜூனில் நடத்தினால் 20 சதவீதம். எல்லா மாநிலங்களும் முதல் மாதத்திலேயே முண்டியடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

மூன்றாம் படி: பாத்திகளைப் பிரியுங்கள்

ஜனநாயகக் கட்சியில் அடிப்படை எண்ணில் 75 சதவீதம் தொகுதிகளுக்குப் போகும். மீதி 25 சதவீதம் மாநிலப் பொது இடங்கள், அதாவது மாநிலம் முழுவதின் வாக்கை வைத்துப் பங்கிடுபவை. இவற்றுக்கு வெளியே, அடிப்படை எண்ணின் 15 சதவீத அளவுக்குக் கட்சித் தலைவர்களுக்கும் பதவியில் உள்ளவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இந்த மூன்றும் வாக்குக்குக் கட்டுப்பட்டவை. தங்கள் பதவியாலேயே பேராளராகும், வாக்குக்குக் கட்டுப்படாத சூப்பர் டெலிகேட்டுகள் வேறு. அவர்களைப் பிறகு பார்க்கலாம்.

குடியரசுக் கட்சியில் எல்லாத் தொகுதிக்கும் சமமாக 3 என்றோம். ஜனநாயகக் கட்சியில் அப்படியில்லை. கட்சிக்கு வலுவுள்ள தொகுதிக்குக் கூடுதல் இடங்கள், வலுவில்லாத தொகுதிக்குக் குறைவு. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளையே பயன்படுத்துவதில்லை. மாநில செனட் தொகுதிகள் 31இன்படி பிரிக்கிறது. தவறான வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரவு முழுக்கப் போட்ட கணக்கும் வீண்.

நான்காம் படி: வரம்பைத் தாண்டியவர் யார்?

ஜனநாயகக் கட்சியில் விதி ஒன்றுதான். எந்தப் பாத்தியானாலும் 15 சதவீதம் வேண்டும். 14.9 என்றால் 15 ஆகாது. மாநில அளவில் வரம்பைத் தாண்டாதவர் ஒரு தொகுதியில் தாண்டலாம், மறுபக்கமும் நடக்கலாம். ஒருவருமே 15ஐத் தொடவில்லை என்றால், 2020 விதிப்படி முதலிடத்தவரின் சதவீதத்தில் பாதியை வரம்பாகக் கொள்வார்கள்.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மார்ச் 15க்கு முன் நடத்துபவர்கள் விகிதாசாரமாகப் பிரிக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதிலும் 20 சதவீதம் வரை வரம்பு வைக்கலாம். ஒருவர் 50 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாம் அவருக்கே என்றும் எழுதிக்கொள்ளலாம். 2024 கலிபோர்னியாவில் அப்படித்தான் 169 இடங்களும் டிரம்புக்குப் போயின. மார்ச் 15 அல்லது அதற்குப் பிறகு நடத்தும் மாநிலம், முதலிடத்தவருக்கே எல்லாம் என்று வைக்கலாம். 2016 மார்ச் 15 அன்று புளோரிடாவில் பாதி வாக்குகூட இல்லாமலே டிரம்ப் 99 இடங்களையும் பெற்றார். சொந்த மாநிலத்தில் வெறுங்கையோடு நின்ற மார்கோ ரூபியோ அன்றிரவே விலகினார்.

வரம்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2024 அயோவா நல்ல எடுத்துக்காட்டு. குடியரசுக் கட்சி அங்கே வரம்பே வைக்கவில்லை. டிரம்ப் 51 சதவீதத்துக்கு 20, ரான் டிசாண்டிஸ் 21க்கு 9, ஹேலி 19க்கு 8, விவேக் ராமசாமி 7.7க்கு 3 என்று 40 இடங்கள் பிரிந்தன. இதே வாக்கு ஜனநாயகக் கட்சி விதியில் விழுந்திருந்தால், மாநில அளவில் ராமசாமிக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது.

ஐந்தாம் படி: வகுத்தலும் மீதியும்

இங்கேதான் பென்சில் வேண்டும். 2020 நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சி பிரைமரியை எடுப்போம். பெர்னி சாண்டர்ஸ் 25.6 சதவீதம், பீட் புட்டிஜெஜ் 24.3, ஏமி குளோபுச்சார் 19.7. எலிசபெத் வாரன் 9.2, ஜோ பைடன் 8.4. கடைசி இருவரும் வரம்புக்குக் கீழே. அவர்களை அடித்துவிடுங்கள்.

கட்டுப்பட்ட இடங்கள் 24. அவற்றில் நான்கு பாத்திகள்: இரண்டு தொகுதிகளுக்கும் தலா 8, மாநிலப் பொது 5, தலைவர்கள் ஒதுக்கீடு 3.

தகுதி பெற்ற மூவரின் வாக்கை மட்டும் கூட்டினால் 69.6. இந்த 69.6ஐ முழு வாக்காகக் கொண்டு பங்கு போட வேண்டும். 100ஐ வைத்து வகுத்தால் எல்லாம் தப்பாகிவிடும். சாண்டர்ஸ் பங்கு 36.8, புட்டிஜெஜ் 34.9, குளோபுச்சார் 28.3 சதவீதம்.

மாநிலப் பொது 5 இடங்கள்: 1.84, 1.75, 1.41. முழு எண்களை முதலில் கொடுங்கள், ஆளுக்கு 1. மிஞ்சுவது 2 இடங்கள். அவை பெரிய மீதி உள்ளவர்களுக்கு, அதாவது .84க்கும் .75க்கும். முடிவு 2, 2, 1.

தலைவர்கள் ஒதுக்கீடு 3 இடங்கள்: 1.10, 1.05, 0.85. முழு எண்படி 1, 1, 0. மிஞ்சிய ஒன்று .85 வைத்திருக்கும் குளோபுச்சாருக்கு. முடிவு 1, 1, 1.

தொகுதிகளுக்கு அந்தந்தத் தொகுதியின் வாக்கை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இங்கே மாநில சதவீதத்தையே வைத்துப் பார்த்தாலும் 2.94, 2.79, 2.26 என்று வந்து 3, 3, 2 ஆகிறது. இரண்டு தொகுதிக்கும் சேர்த்து 6, 6, 4.

கூட்டிப் பாருங்கள்: 9, 9, 6. அன்று அறிவிக்கப்பட்ட முடிவும் இதுவே.

இப்போது 24 இடங்களையும் ஒரே பாத்தியாக வைத்து அதே வாக்கைப் பங்கு போட்டுப் பாருங்கள். 8.83, 8.38, 6.79. முடிவு 9, 8, 7. ஒரு வாக்குகூட மாறவில்லை, ஆனால் ஓர் இடம் கைமாறிவிடுகிறது. நெருக்கமான போட்டியில் இந்த ஓர் இடத்துக்காகத்தான் தேர்தல் குழுவினர் தொகுதி தொகுதியாக அலைகிறார்கள். அந்த மூவருக்கும் வாக்களிக்காத 30 சதவீதம் பேரின் விருப்பத்துக்கு மாநாட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பதும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

இருவர் மட்டும் மோதும்போது தொகுதியின் இட எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது பிரசாரத்தைவிட முக்கியமாகிவிடும்.

3 இடங்கள் உள்ள தொகுதியில் 51 சதவீதம் எடுத்தாலே 2க்கு 1. 4 இடங்கள் உள்ள தொகுதியில் 3க்கு 1 வர 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 60 சதவீதம் வாங்கிப் பெரிய வெற்றி பெற்றாலும் 2க்கு 2 தான். 5 இடங்களில் 3க்கு 2 வர பாதியைத் தாண்டினால் போதும், 4க்கு 1 வர 70 வேண்டும். 6 இடங்களில் 58.3ஐத் தாண்டும் வரை 3க்கு 3.

2008 நெவாடா காக்கஸ் இந்தக் கணக்கில்தான் திரும்பியது. மாநில அளவில் ஹிலாரிக்கு 51, ஒபாமாவுக்கு 45 சதவீதம். ஆனால் இடங்கள் அன்றைய கணக்கில் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. லாஸ் வேகாஸ் பக்கம் ஹிலாரிக்கு இருந்த முன்னிலை இரட்டைப்படை இடங்களில் சமமாகக் கரைந்தது. ஒற்றைப்படை இடங்கள் கொண்ட வடக்குத் தொகுதியில் ஒபாமா முந்தினார். ஆகவே பணமும் ஆளும் குறைவாக உள்ள வேட்பாளர் ஒற்றைப்படைத் தொகுதிகளில் முதலில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

குடியரசுக் கட்சியில் தொகுதி வேறுவிதமாக வேலை செய்யும். 2024 தென் கரோலினாவில் 50 இடங்கள். அவற்றில் 29 மாநில வெற்றியாளருக்கு. மீதி 21, தொகுதிக்கு மூன்றாக ஏழு தொகுதிகளின் வெற்றியாளர்களுக்கு. முன்பு அந்த மாநில ஆளுநராக இருந்த ஹேலி கிட்டத்தட்ட 40 சதவீத வாக்கு வாங்கினார். வென்றது ஒரே ஒரு தொகுதி. கிடைத்தது 3. டிரம்புக்கு 47.

காக்கஸ் அறைக்குள் நடப்பது

2020 வரை அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்திய முறை இது. ஓர் அறையில் 120 பேர், அந்த வட்டாரத்துக்கு 6 பேராளர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேட்பாளருக்கு ஒரு மூலை. முதல் சுற்றில் அ 48, ஆ 36, இ 20, ஈ 16. வரம்பு 15 சதவீதம், அதாவது 18 பேர். ஈ குழு கலைகிறது. அதிலிருந்து 10 பேர் இ பக்கமும் 6 பேர் ஆ பக்கமும் போகிறார்கள். இறுதியில் 48, 42, 30.

குழுவின் தலை எண்ணிக்கையைப் பேராளர் எண்ணிக்கையால் பெருக்கி, வந்தவர்கள் மொத்தத்தால் வகுக்க வேண்டும். அ: 2.4, ஆ: 2.1, இ: 1.5. பாதியும் அதற்கு மேலும் மேலே ஏறும், மற்றவை கீழே இறங்கும். முடிவு 2, 2, 2. 48 பேர் நின்ற குழுவுக்கும் 30 பேர் நின்ற குழுவுக்கும் ஒரே எண்ணிக்கை.

வட்டாரம் சிறியதானால் வரம்பும் ஏறும். 3 பேராளர்கள் என்றால் ஆறில் ஒரு பங்கு, 2 பேர் என்றால் 25 சதவீதம். சமநிலை வந்தால் நாணயம் சுண்டுவதும் விதிக்கு உட்பட்டதுதான்.

இந்த வட்டாரப் பேராளர்கள் நேராகத் தேசிய மாநாட்டுக்குப் போவதில்லை. மாவட்டம், தொகுதி, மாநிலம் என்று மாநாடு மாநாடாக ஏறுவார்கள். வழியில் சிலர் வராமல் போனால் எண்ணும் மாறும். 2020இல் அயோவாவின் ஏறக்குறைய 1,700 வட்டாரங்களில் இந்தக் கணக்கைத் தன்னார்வலர்கள் இரவு நேரத்தில் கையால் போட்டார்கள். முதல் சுற்று, இறுதிச் சுற்று, மாநிலப் பேராளர் மதிப்பு (வட்டாரத்தில் வென்றது மாநில மாநாட்டின் எத்தனை பேராளர்களுக்குச் சமம் என்ற எண்) என்று மூன்று எண்களையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்ப வேண்டிய செயலி படுத்துவிட்டது, தொலைபேசி இணைப்புகள் திணறின, முடிவு நாள்கணக்கில் தாமதமானது. வாக்கில் முந்தியவர் சாண்டர்ஸ். மாநிலப் பேராளர் மதிப்பில் மயிரிழையில் முந்தியவர் புட்டிஜெஜ். தேசிய மாநாட்டு இடங்கள் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. கையால் போடும் வட்டாரக் கணக்கில் இத்தனை முழுமையாக்கலைத் திணித்தால் பிழை வராமல் இருக்காது என்பதே எங்கள் கருத்து.

ஆறாம் படி: அந்த நாற்காலியில் யார்?

இடத்தை வெல்வது வேறு, அதில் உட்காரும் மனிதரைத் தேர்ந்தெடுப்பது வேறு. ஜனநாயகக் கட்சியில் பேராளராக நிற்பவர்களின் பட்டியலைப் பார்த்து ஏற்கவும் நீக்கவும் வேட்பாளர் தரப்புக்கு உரிமை உண்டு. பெண்களும் ஆண்களும் சமமாக இருக்கவும் வேண்டும். குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் மாநில மாநாடு ஆளைத் தேர்கிறது. 2016இல் டெட் குரூஸ் தரப்பு இதை நன்றாகப் பயன்படுத்தியது. டிரம்புக்குக் கட்டுப்பட்ட சில இடங்களில் குரூஸை விரும்புபவர்களை உட்கார வைத்தது. மாநாட்டு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் அவர்கள் டிரம்புக்குத்தான் வாக்களிக்க வேண்டும், அடுத்த சுற்று வந்தால் பல மாநிலங்களில் கட்டு அவிழும் என்பது அதன் கணக்கு. அடுத்த சுற்று வரவில்லை.

ஜனநாயகக் கட்சி விதி கட்டாயம் என்று சொல்லாமல் நல்ல மனசாட்சி என்று சொல்கிறது. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் உணர்வை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சூப்பர் டெலிகேட்டுகளுக்கு 2018இல் கடிவாளம் போட்டார்கள். போட்டி உள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை.

வேட்பாளர் பாதியில் விலகினால்

ஜனநாயகக் கட்சியில் விலகியவர் தொகுதியில் வென்ற இடங்கள் அவரிடமே இருக்கும். மாநிலப் பொது இடங்களும் தலைவர்கள் ஒதுக்கீடும், ஆள் தேர்வு நடக்கும் நேரத்தில் களத்தில் இருப்பவர்களுக்குப் போகும். 2020 ஏப்ரலில் சாண்டர்ஸ் விலகியபோது இந்த இடங்களை அவர் இழக்க வேண்டியிருந்தது. கட்சியை ஒன்றாக வைத்திருக்க அவர் தரப்பும் பைடன் தரப்பும் உடன்பாடு செய்துகொண்டு அவற்றை அவரிடமே விட்டுவைத்தன.

2024 ஜூலை 21 அன்று பைடன் விலகியபோது, வென்றிருந்த சுமார் 3,900 பேராளர்களும் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களை இன்னொருவருக்கு மாற்றி எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை, ஆதரிக்கச் சொல்ல மட்டுமே முடியும். துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸைப் பேராளர்கள் தாங்களாகவே ஏற்று, சிகாகோ மாநாட்டுக்கு முன்பே இணையவழி வாக்கெடுப்பில் வேட்பாளராக்கினார்கள்.

விதியை மீறினால்

குறித்த நாளுக்கு முன் முந்திக்கொள்ளும் மாநிலத்துக்குத் தண்டனை இடக் குறைப்பு. 2012இல் புளோரிடா குடியரசுக் கட்சி 99 இடங்களில் 50ஐ மட்டும் வைத்துக்கொண்டது. 2008இல் மிச்சிகன், புளோரிடா ஜனநாயகக் கட்சியினர் முதலில் எல்லா இடங்களையும் இழந்தார்கள், பின்பு பாதி வாக்கு திரும்பியது, மாநாட்டில் முழுதும் திரும்பியது. 2024 மிச்சிகன் குடியரசுக் கட்சி இதிலிருந்து தப்ப 55 இடங்களைப் பிளந்தது. பிப்ரவரி 27 பிரைமரியில் 16, மார்ச் 2 கட்சிக் கூட்டத்தில் 39. பிரைமரி முடிவை மட்டும் பார்த்துக் கணக்கு போட்டவர்களுக்குப் பெரும்பங்கு விட்டுப்போயிருக்கும்.

முடிவு வரும் இரவில்

முதலில் மாநில சதவீதத்தில் 13க்கும் 17க்கும் நடுவில் ஊசலாடுபவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் வரம்பைத் தாண்டுவதும் தாண்டாததும் மற்ற எல்லோரின் பங்கையும் மாற்றும். அடுத்து, தொகுதிவாரி வாக்கு வரும்வரை தொகுதி இடங்களை எழுதாதீர்கள். ஒரு கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இரண்டு மூன்று தொகுதிகளில் பரவிக் கிடக்கும், கவுன்டி வாக்கைத் தொகுதி வாக்காக எடுத்தால் தப்பு. கலிபோர்னியாவில் தேர்தல் நாளன்று அஞ்சல் முத்திரை பெற்ற வாக்கு ஏழு நாள் கழித்து வந்தாலும் செல்லும், எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அங்கே முதல் இரவில் 14.8இல் நிற்பவரின் பெயரை அடிக்காமல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வையுங்கள்.